சுவிட்ச் யார் கையில்?

ஒளி ஒரு பொருள் என்கிறார்கள். களிமண் மாதிரி, நூல் மாதிரி, இரும்பு மாதிரி அதுவும் ஒரு பொருள். பிசையலாம், நெய்யலாம், வளைக்கலாம் என்கிறார்கள். மேற்கத்திய வடிவமைப்புக் கூடங்களிலும் கலைக்கூடங்களிலும் ரொம்ப நாளாகவே இந்தப் பேச்சு பலமாக இருக்கிறது. கை நீட்டினால் விளக்கு எரியும், விரலை வைத்தால் துடிக்கும், பேசினால் மினுங்கும். மற்றவற்றைப் பார்க்க உதவுகிற வேலையிலிருந்து ஒளி விடுபட்டு, நாம் தொடக்கூடிய, நமக்குப் பதில் சொல்லக்கூடிய ஒன்றாக ஆகிவிட்டது என்று கொண்டாடுகிறார்கள்.

'தொடக்கூடிய' என்ற சொல்லைக் கேட்டதும் நமக்குக் காது நிமிரும். தொடுதல் என்பது இந்த மண்ணில் சும்மா புழங்குகிற சொல் இல்லை. யார் எதைத் தொடலாம், யாருடைய நிழல் யார்மேல் படக்கூடாது என்று விதி வைத்து வாழ்ந்த சமூகம் இது. நிழல் படக்கூடாது என்றால் என்ன அர்த்தம்? வெளிச்சத்தையும் சாதி பார்த்துப் பங்கு வைத்திருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்? ஒளி அறிவு, இருள் அறியாமை என்று தமிழ் படித்தவர்கள் எல்லோரும் மனப்பாடம் செய்திருக்கிறோம். அந்த இருட்டில் யாரை நிறுத்தி வைத்துவிட்டு இந்த உவமையைச் சொன்னார்கள் என்று எந்த வகுப்பிலும் யாரும் கேட்டதில்லை.

எனவே ஒளியைப் பொருளாகக் கையாளுகிற கலையைப் பற்றிப் பேசும்போது மூன்று கேள்விகளைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது என்று நினைக்கிறேன். சுவிட்ச் யார் கையில் இருக்கிறது? வெளிச்சம் யார்மேல் விழுகிறது? வேண்டாமென்றால் அணைத்துக்கொள்ள முடியுமா? மெக்சிகோ நகரத்தில் 1967-ல் பிறந்து, கனடாவின் மான்ட்ரியலிலிருந்து வேலை செய்கிற ராஃபேல் லொசானோ-ஹெம்மர் என்ற கலைஞரின் சில படைப்புகளை இந்தக் கேள்விகளோடு வாசிக்கப் பார்க்கிறேன். இவரை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. ஒளியை வைத்து வித்தை காட்டுகிறவர்கள் பலர். ஒளிக்கு ஒரு போலீஸ் வரலாறு இருக்கிறது என்று தெரிந்துகொண்டே அதைக் கையில் எடுத்தவர்கள் குறைவு.

1. அழுக்குதான் உடல் கொடுக்கிறது

ஒளியைப் பொருளாக்கும் முயற்சி புதியதில்லை. ஹங்கேரியக் கலைஞர் மொஹோலி-நாகி உலோகத் தகடுகளையும் கண்ணாடியையும் மோட்டார் வைத்துச் சுழலவிட்டு, சுவரெல்லாம் ஒளியும் நிழலும் ஓடுகிற மாதிரி ஒரு இயந்திரத்தை 1930-லேயே காட்சிக்கு வைத்தார். 1973-ல் ஆண்டனி மெக்கால் ஒரு படம் செய்தார். படம் என்றால் திரையில் பார்க்கிற படம் இல்லை. இருட்டறையில் புரொஜெக்டரிலிருந்து ஒரு கோடு கிளம்பும். அது அரை மணி நேரத்தில் மெல்ல மெல்ல வட்டமாகும். புரொஜெக்டருக்கும் சுவருக்கும் நடுவே வெற்றிடத்தில் ஒளியாலான கூம்பு ஒன்று நிற்கும். ஆட்கள் அதற்குள் நடக்கலாம், கையை நுழைத்துப் பார்க்கலாம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்தக் கூம்பு கண்ணுக்குத் தெரிந்ததற்குக் காரணம் நியூயார்க்கின் பழைய கிடங்கு மாடிகளில் இருந்த தூசியும், பார்க்க வந்தவர்கள் ஊதித் தள்ளிய சிகரெட் புகையும்தான். துடைத்து வைத்த அருங்காட்சியகத்தில் அதே படத்தைப் போட்டால் ஒளிக்கு உடம்பே இல்லாமல் போய்விடுகிறது. அப்புறம் எந்திரம் வைத்துப் புகைமூட்டம் போட வேண்டியிருந்தது. சுத்தமான இடத்தில் ஒளி தெரியாது. அழுக்கில் பட்டால்தான் தெரியும். தூய்மை, தீட்டு என்று ஆயிரம் வருசமாகப் பாடம் நடத்தியவர்களுக்கு இயற்பியல் சொல்கிற பதில் இது. நாம் இதைக் குறித்துவைத்துக்கொள்ளலாம்.

கூம்புக்குள் நடப்பது ஒன்று, கூம்பு நமக்குப் பதில் சொல்வது இன்னொன்று. அந்த இரண்டாவது கட்டம் கணினியோடு வந்தது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் ஹிரோஷி இஷியும் அவரது மாணவர்களும் 1990-களில் இதற்கு வழி செய்தார்கள். 1999-ல் ஜான் அண்டர்காஃப்லரும் இஷியும் காட்டிய ஒரு மேசையைச் சொல்லலாம். மேசைமேல் சின்னக் கட்டட பொம்மைகளை வைத்தால், அந்தந்த நேரத்துச் சூரியனுக்கு ஏற்ற நிழலை மேலேயிருந்து ஒளியாக விழவைக்கும். பொம்மையைக் கையால் நகர்த்தினால் நிழலும் நகரும். நகரத் திட்டக்காரர்களுக்கான கருவி இது. நல்ல வேலைதான். ஒரு கட்டடம் அடுத்தவர் வீட்டு வெயிலைத் தின்கிறதா என்று கட்டுவதற்கு முன்பே தெரிந்துவிடுகிறது.

ஆனால் அதே அண்டர்காஃப்லர்தான் 2002-ல் வந்த 'மைனாரிட்டி ரிப்போர்ட்' என்ற ஹாலிவுட் படத்துக்கு அறிவியல் ஆலோசகர். அந்தப் படத்தில் கையுறை போட்ட நாயகன் ஒளியாலான பிம்பங்களைக் காற்றிலேயே இழுக்கிறான், தள்ளுகிறான், புரட்டுகிறான். உலகமே வாயைப் பிளந்து பார்த்தது. அந்த நாயகன் யார்? போலீஸ்காரன். குற்றம் செய்வதற்கு முன்னாலேயே ஆளைப் பிடிக்கிற போலீஸ்காரன். ஒளியைத் தொட்டு விளையாடும் கனவை வெகுசனங்களின் மனசில் பதித்த காட்சி ஒரு போலீஸ் அலுவலகத்தில் நடக்கிறது. இதைத் தற்செயல் என்று விட்டுவிட எனக்கு மனசில்லை.

2. விளக்கு ஒரு சட்டம்

ஏனென்றால் அதற்கு முந்திய கதை ஒன்று இருக்கிறது. 1712-ல் நியூயார்க்கில் கறுப்பின அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். மறு வருசம், 1713-ல், அந்த நகரம் ஒரு சட்டம் போட்டது. பதினான்கு வயதுக்கு மேற்பட்ட கறுப்பின, செவ்விந்திய அடிமைகள் யாரும் பொழுது சாய்ந்து ஒரு மணி நேரத்துக்குப் பிறகு கையில் எரிகிற விளக்கு இல்லாமல் தெருவில் நடக்கக்கூடாது. நடந்தால் பிடித்துச் சிறையில் போடலாம். வெள்ளைக்காரர் கூட இருந்தால் விளக்கு வேண்டாம், அவரே விளக்கு! சிமோன் பிரவுன் என்ற கறுப்பின ஆய்வாளர் 2015-ல் எழுதிய 'டார்க் மேட்டர்ஸ்' என்ற நூலில் இந்தச் சட்டங்களை எடுத்துக் காட்டி, இன்றைய கண்காணிப்புத் தொழில்நுட்பங்களுக்கு இதுதான் பாட்டன் என்று வாதிக்கிறார்.

யோசித்துப் பாருங்கள். விளக்கு அவர்கள் கையில்தான் இருந்தது. எண்ணெயைக் கூட அவர்களே ஊற்றியிருக்கலாம். அவர்கள் நகர்ந்தால் ஒளியும் நகர்ந்தது. இன்றைய வடிவமைப்பு மொழியில் சொன்னால், முழுக்க முழுக்க 'பங்கேற்பு' ஒளி! ஆனால் அணைக்கிற உரிமை மட்டும் அவர்களிடம் இல்லை. அவர்கள் பார்ப்பதற்காக எரிந்த விளக்கு இல்லை அது. அவர்களைப் பார்ப்பதற்காக எரிந்தது. ஊர்வலங்களில் பெட்ரோமாக்ஸைத் தலையில் சுமந்து போனவர்களை நாம் அறிவோம். ராத்திரி முழுக்கச் சுமந்தவர் கழுத்து நோவும். போட்டோவில் மாப்பிள்ளை முகம் தெரியும். கையில் விளக்கு இருப்பதாலேயே ஒருவர் விளக்குக்கு உரியவர் ஆகிவிடுவதில்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. 1930-களில் நாஜிக் கட்சியின் நியூரம்பெர்க் மாநாடுகளில் ஆல்பர்ட் ஷ்பேர் என்ற கட்டடக் கலைஞன், விமான எதிர்ப்புக்கென்று ராணுவம் வைத்திருந்த தேடுவிளக்குகளை நூற்றுக்கு மேல் வரிசையாக நிறுத்தி வானத்தை நோக்கி எரியவிட்டான். ஒளியால் தூண், ஒளியால் சுவர், ஒளியால் கோயில். உள்ளே நின்ற லட்சக்கணக்கான மனுசங்க வெறும் புள்ளிகளாக ஆனார்கள். ஒளியைக் கட்டுமானப் பொருளாக்கியதில் ஷ்பேரை மிஞ்ச ஆளில்லை. அழகாக இருந்தது என்று பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். ஒரு கலை அழகாக இருக்கிறது என்பது அதற்கு நற்சான்று ஆகாது என்பதற்கு இதைவிட உதாரணம் தேவையில்லை.

லொசானோ-ஹெம்மர் கையில் எடுத்திருப்பது இதே தேடுவிளக்கை. ஷ்பேரின் வரலாறு தெரிந்தே எடுத்திருக்கிறார். தமது வேலை அதற்கு நேர் எதிரானது என்றும் சொல்லியிருக்கிறார். சொல்வது சரி. செய்ததா என்று பார்க்க வேண்டும்.

3. சதுக்கத்தின்மேல் பதினெட்டு விளக்குகள்

புத்தாயிரம் பிறப்பதையொட்டி 1999 டிசம்பர் 26-லிருந்து 2000 ஜனவரி 7 வரை மெக்சிகோ நகரத்தின் நடுச் சதுக்கமான சோக்கலோவில் 'வெக்டோரியல் எலிவேஷன்' நடந்தது. சுற்றியுள்ள கட்டடங்களின் மேல் கணினியால் திரும்பக்கூடிய பதினெட்டுத் தேடுவிளக்குகள். இணையத்தில் யார் வேண்டுமானாலும் அவற்றின் திசையை அமைத்து அனுப்பலாம். வரிசைப்படி அது வானத்தில் விரியும். அமைத்தவர் பெயரோடும் அவர் எழுதிய வரிகளோடும் அதற்கென ஒரு பக்கமும் உருவாகும். 89 நாடுகளிலிருந்து எட்டு லட்சம் பேர் கலந்துகொண்டார்கள் என்பது கணக்கு. இணையம் இல்லாதவர்களுக்காக மெக்சிகோவின் நூலகங்களிலும் அருங்காட்சியகங்களிலும் இலவசக் கணினிகள் வைத்தார்கள்.

அரசு கேட்டது விழா. தேசத்தின் பெருமை, அஸ்டெக் காலத்திலிருந்து இன்றுவரை என்று ஒரு ஒளிக்காட்சி போட்டிருந்தால் எல்லோருக்கும் திருப்தியாக இருந்திருக்கும். இவர் தேசக் கதையைச் சொல்லாமல் சுவிட்சைப் பிரித்துக் கொடுத்துவிட்டார். எழுதுவதற்குத் தணிக்கையும் வைக்கவில்லை. காதல் வரிகளோடு ஜபாதிஸ்தா முழக்கங்களும் வந்தன. என் முதல் கேள்விக்கு இது நேர்மையான பதில்.

ஆனாலும் ஒரு உறுத்தல். 1997 டிசம்பர் 22-ல் மெக்சிகோவின் தெற்கே சியாபாஸ் மாநிலத்தில் ஆக்தெயால் என்ற சிற்றூரில், வழிபாட்டில் இருந்த 45 பழங்குடி மக்களை ஆயுதக் குழு சுட்டும் வெட்டியும் கொன்றது. பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். இது நடந்து இரண்டே வருசத்தில் தலைநகரத்து வானத்தில் பதினெட்டு விளக்குகள். எட்டு லட்சம் பேர் தொட்டார்கள், சரி. எதைப் பேசுவதற்காகத் தொட்டார்கள்? வானத்தில் தெரிந்தது கோலம்தான். முழக்கம் எழுதியவனும் காதல் வரி எழுதியவனும் வானத்தில் ஒரே மாதிரிதான் தெரிந்தார்கள். சொல் கணினிப் பக்கத்தில் தங்கிவிட்டது, அழகு மட்டும் மேலே போயிற்று. எல்லோருக்கும் சுவிட்ச் கொடுப்பது சனநாயகத்தின் பாதி. அந்தச் சுவிட்ச் என்ன சேதியைச் சுமக்கிறது என்பது மறுபாதி.

4. குரல் எரிந்த இடம்

மறுபாதியை அவர் 2008-ல் எழுதிக் காட்டினார்.

1968 அக்டோபர் 2. மெக்சிகோ நகரத்தில் ஒலிம்பிக் தொடங்க இன்னும் பத்து நாள். த்லாதெலோல்கோவில் உள்ள மூன்று பண்பாட்டுச் சதுக்கத்தில் மாணவர்களும் குடும்பத்தினரும் கூட்டம் போட்டிருக்கிறார்கள். சாயங்காலம் ஆறு மணிக்குப் பிறகு வானத்தில் சிக்னல் வாணங்கள் எரிகின்றன. அதைத் தொடர்ந்து துப்பாக்கிச் சூடு. சாதாரண உடையில் கூட்டத்துக்குள் நின்ற அரசுப் படையினர் தங்களுக்குள் அடையாளம் தெரிய இடது கையில் வெள்ளைக் கையுறை போட்டிருந்தார்கள். எத்தனை பேர் செத்தார்கள் என்பதில் அரசு சொன்ன கணக்கு வேறு, மக்கள் சொன்ன கணக்கு வேறு. சில பத்துகளிலிருந்து முந்நூறு வரை அது நீள்கிறது. ஒரு நினைவுக்கல் வரவே இருபத்தைந்து வருசம் ஆயிற்று. 1993-ல் வைத்த அந்தக் கல்லில் பெயராக இருப்பவர்கள் இருபது பேர். எலேனா பொனியாதோவ்ஸ்கா உயிர் தப்பியவர்களின் வாய்மொழிகளைத் தொகுத்து 1971-ல் புத்தகமாக்கியதால்தான் அந்த ராத்திரி முழுசாக அழிக்கப்படாமல் மிஞ்சியது. சாட்சியம் எழுதுகிற நமக்கு அந்தப் புத்தகம் உறவுமுறை.

இங்கே கவனிக்க வேண்டியது, கொலைக்கு முன்னால் வந்தது வெளிச்சம். அடையாளத்துக்கு வெள்ளை. ஒளி அந்தச் சதுக்கத்தில் அரசின் மொழியாக இருந்தது.

நாற்பதாம் ஆண்டு நினைவுக்காக லொசானோ-ஹெம்மர் அதே இடத்தில் ஒரு மெகாபோனை வைத்தார். படைப்பின் பெயர் 'வோஸ் ஆல்தா', உரத்த குரல். யார் வேண்டுமானாலும் வந்து பேசலாம். பேசுகிற குரலின் ஏற்ற இறக்கத்துக்குத் தக்கபடி பக்கத்தில் பத்துக் கிலோவாட் தேடுவிளக்கு மினுங்கும். குரல் உயர்ந்தால் வெளிச்சம் கூடும், மௌனமானால் அணையும். அந்த ஒளிக்கற்றை, ஒரு காலத்தில் வெளியுறவு அமைச்சகமாக இருந்து இப்போது பண்பாட்டு மையமாக இருக்கிற உயரமான கட்டடத்தின் உச்சியைத் தொடும். அங்கிருந்து மேலும் மூன்று விளக்குகள் நகரத்தின் பல திசைகளுக்கு அதை அனுப்பும். ஒன்று அரசு மாளிகை இருக்கிற சோக்கலோவை நோக்கி, ஒன்று புரட்சி நினைவுச் சின்னத்தை நோக்கி. தூரத்தில் இருந்து மினுக்கத்தைப் பார்க்கிறவர் பல்கலைக்கழக வானொலியைத் திருகினால் அந்த ஒளி என்ன பேசுகிறது என்று நேரலையில் காதால் கேட்கலாம். யாரும் பேசாத நேரங்களில் சதுக்கத்து விளக்கு அணைந்திருக்கும். உச்சி விளக்குகள் மட்டும் உயிர் தப்பியவர்களின் பழைய ஒலிப்பதிவுகளுக்கும் அந்த 1968-ன் பாட்டுகளுக்கும் துடிக்கும். ஆயிரக்கணக்கானவர்கள் பேசினார்கள். தணிக்கை இல்லை. உயிர் பிழைத்தவர்கள் பேசினார்கள், போராட்டத்துக்கு அழைத்தவர்கள் பேசினார்கள், கவிதை சொன்னார்கள், அந்த மெகாபோனிலேயே ஒருத்தரை ஒருத்தர் கல்யாணத்துக்குக் கேட்டவர்களும் இருந்தார்கள்.

நான் இந்தப் படைப்பை மதிக்கிறேன். மூன்று காரணம் சொல்வேன். ஒன்று, இங்கே ஒளிக்குச் சொந்தப் புத்தி கிடையாது. குரலின் கூலியாள் அது. பேச்சு நின்றால் ஒளியும் நிற்கிறது. அழகுக்காகத் தனியே எரிய அதற்கு அனுமதி இல்லை. இரண்டாவது, வானொலி. வானொலி இல்லாவிட்டால் ஊர் பார்த்திருக்கப் போவது வெறும் மினுக்கம். 'ஆகா, எவ்வளவு அழகு' என்று சொல்லிவிட்டுச் சோறு தின்னப் போயிருப்பார்கள். ஒளி கூப்பிடும், வானொலி சொல்லும். இரண்டும் சேர்ந்துதான் சாட்சியம். மூன்றாவது, இருட்டை மதித்தது. பேச விரும்பாதவர் பக்கத்தில் நின்று விளக்கு அணைந்திருப்பதைப் பார்க்கலாம். அந்த அணைப்பும் நினைவுகூரலில் ஒரு பங்குதான்.

அதே 1968-ன் டிசம்பர் 25-ல் கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். அன்றைக்கும் அந்த ராத்திரியில் தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்கு வெளிச்சம்தான் தெரிந்திருக்கும். நமக்கு அங்கே நினைவிடம் உண்டு, வருசா வருசம் கூட்டம் உண்டு. மேடையில் மைக் யார் கையில் போகிறது, கீழே உட்கார்ந்திருக்கிறவர் எழுந்து வந்து பேச வழி உண்டா என்று ஒரு மெக்சிகோக் கலைஞரின் மெகாபோன் நம்மையும் கேட்கிறது. இரண்டு படுகொலையையும் சமன் செய்வதற்காக இதைச் சொல்லவில்லை. நினைவகம் என்பதைக் கல்லாகவும் மேடையாகவும் மட்டுமே யோசித்துப் பழகிய நமக்கு, திறந்து வைத்த ஒலிவாங்கியும் நினைவகம்தான் என்று காட்டியதற்காகச் சொல்கிறேன்.

5. பசி எங்கே போச்சு?

இவரது படைப்புகளில் ஊர் ஊராகப் போய்ப் பேர் வாங்கியது 'பல்ஸ் ரூம்', நாடித் துடிப்பு அறை. 2006-ல் மெக்சிகோவின் புவெப்லாவில் முதலில் வைத்தார். மறு வருசம் வெனிஸ் பியன்னாலேயில் மெக்சிகோவின் அரங்கில் இடம்பெற்றது. இருட்டறையில் நூற்றுக்கணக்கான பழைய குண்டு பல்புகள் தொங்கும். ஒரு பிடியை இரண்டு கையாலும் பிடித்தால் உங்கள் நாடித் துடிப்புக்கு ஒரு பல்பு துடிக்க ஆரம்பிக்கும். கையை எடுத்ததும் எல்லாம் ஒரு கணம் அணைந்து, உங்கள் துடிப்பு வரிசையில் அடுத்த பல்புக்கு நகரும். உங்களுக்கு முன்னால் வந்தவர்களின் துடிப்புகள் எல்லாம் ஒவ்வொரு இடம் தள்ளிப் போகும். கடைசி பல்பில் இருந்த துடிப்பு அறையை விட்டே போய்விடும்.

ஒரு பிடியை ஊரில் உள்ள அத்தனை பேரும் தொட்டுப் பிடிக்கிறார்கள். யாருடைய துடிப்பு யாருடையது என்று தெரியாது. சாதி தெரியாது, நிறம் தெரியாது. இது எனக்கும் பிடித்துத்தான் இருக்கிறது. ஆனால் எல்லோரும் சமம் என்று இவ்வளவு சுலபமாகக் காட்டப்படுகிற இடங்களில் எதை வெளியே விட்டுவிட்டு அந்தச் சமத்துவம் கிடைத்தது என்று கேட்டுப் பழகிவிட்டோம்.

இந்தப் படைப்புக்குத் தூண்டுதல் 1960-ல் வந்த 'மக்காரியோ' என்ற மெக்சிகோப் படம் என்று அவரே சொல்கிறார். அதில் ஒரு குகை வரும். உலகத்தில் உள்ள ஒவ்வொரு உயிருக்கும் ஒரு மெழுகுவர்த்தி அங்கே எரியும். அந்தக் குகையை மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். ஆனால் மக்காரியோ யார்? விறகு வெட்டிப் பிழைக்கிற ஏழைப் பழங்குடி ஆள். பிள்ளைகளோடு பங்கு போடாமல் ஒரு முழு வான்கோழியைத் தனியாகத் தின்ன வேண்டும் என்பதுதான் அவனுடைய வாழ்நாள் ஆசை. அது கிடைத்தபோது சாத்தான் வந்து பங்கு கேட்கிறான், கொடுக்கவில்லை. கடவுள் வந்து கேட்கிறார், கொடுக்கவில்லை. சாவு வந்து கேட்கிறபோது மட்டும் கொடுக்கிறான். படத்தின் உயிர் அந்தப் பசியில் இருக்கிறது. மெழுகுவர்த்திகள் ஒரே அளவில் இல்லை. சிலது சீக்கிரம் தீர்கிறது. எந்த வீட்டு மெழுகுவர்த்தி சீக்கிரம் தீரும் என்று பசிக்குத் தெரியும்.

பல்ஸ் ரூமில் பசி இல்லை. அங்கே எல்லாப் பல்பும் ஒரே வாட். வரிசையில் நிற்கிற எல்லோருக்கும் ஒரே அளவு நேரம். சாவு எல்லோருக்கும் வரும் என்ற தத்துவம் மிஞ்சுகிறது. சாவு யாருக்கு முந்தி வருகிறது, ஏன் வருகிறது என்ற அரசியல் காணாமல் போகிறது. இந்தக் கலைஞரிடம் நான் குறையாகக் காண்பது இதைத்தான். த்லாதெலோல்கோவில் ஒளிக்குப் பெயரும் இடமும் தேதியும் இருந்தன. இங்கே ஒளி தத்துவமாகிவிட்டது. தத்துவமானவுடன் எந்த நாட்டு அரங்குக்கும் சுலபமாகப் பெட்டி கட்டிக்கொண்டு போக முடிகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். துடிப்பைப் பிடிக்கிற கருவி, முகத்தை அறிகிற கேமரா, கைரேகை வாங்குகிற கண்ணாடி எல்லாம் ஒரே குடும்பம். இது அவருக்கே தெரியும். 2010-ல் செய்த 'பல்ஸ் இண்டெக்ஸ்' படைப்பில் வருகிறவர்களின் கைரேகையையே எடுத்துப் பெரிசாகக் காட்டுகிறார். எல்லையில் போலீஸ் எடுப்பதை நான் கலைக்கூடத்தில் எடுத்துக் காட்டுகிறேன், யோசியுங்கள் என்பது அவர் நோக்கமாக இருக்கலாம். கலைக்கூடத்துக்குச் சீட்டு வாங்கி வருகிறவருக்குக் கைரேகை கொடுப்பது ஒரு அனுபவம். காவல் நிலையத்தில் குற்றப்பரம்பரை என்று வரிசையில் நிறுத்தி ரேகை எடுத்த சாதிகளுக்கு அது அனுபவமில்லை, ஆறாத புண். தொட்டால் எரிகிற விளக்கு தொட்டவரைக் கணக்கிலும் எடுத்துக்கொள்ளும் என்பதைப் படைப்பே சொல்லட்டும். பார்ப்பவரின் புத்திசாலித்தனத்துக்கு விட்டுவிட்டால் போதாது.

6. சுவரைத் தாண்டின கை

2019 நவம்பர் 13-லிருந்து 24 வரை அமெரிக்காவின் எல் பாஸோவுக்கும் மெக்சிகோவின் ஹுவாரெஸுக்கும் நடுவே 'பார்டர் டியூனர்' நடந்தது. எல்லைக்கு இந்தப் பக்கம் மூன்று மேடை, அந்தப் பக்கம் மூன்று மேடை. ஒவ்வொன்றிலும் ஒலிவாங்கி, ஒலிபெருக்கி, பெரிய திருகுச் சக்கரம். சக்கரத்தைத் திருகினால் பக்கத்திலுள்ள மூன்று தேடுவிளக்குகள் சேர்ந்து ஒரு ஒளிக்கையாக வானத்தில் நகரும். மொத்தம் பதினெட்டு விளக்குகள். இந்தப் பக்கத்துக் கையும் அந்தப் பக்கத்துக் கையும் வானத்தில் சந்தித்தால் உடனே இரண்டு மேடைக்கும் பேச்சு வழி திறக்கும். பேசுகிற குரலுக்கு ஏற்றபடி ஒளி மினுங்கும். தெரியாத ஒருத்தரைத் தேடித் திருகிக்கொண்டே இருக்க வேண்டும். அவரும் உங்களைத் தேடித் திருக வேண்டும்.

இடத்தைக் கவனிக்க வேண்டும். எல் பாஸோ பக்கத்தில் மேடைகள் இருந்தது போவி உயர்நிலைப் பள்ளியில். மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகள் படிக்கிற பள்ளி. தோல் நிறத்தைப் பார்த்தே வழிமறித்து விசாரிக்கிறார்கள் என்று எல்லைக் காவல் படைமேல் அந்தப் பள்ளியைச் சேர்ந்தவர்கள் 1992-ல் வழக்குப் போட்டுத் தடையாணை வாங்கினார்கள். இந்தப் படைப்பு நடப்பதற்கு மூன்று மாதம் முந்தி, 2019 ஆகஸ்ட் 3-ல், அதே நகரத்துக் கடையொன்றில் லத்தீன் அமெரிக்க மக்களைக் குறிவைத்து ஒரு வெள்ளை இனவெறியன் சுட்டதில் 23 பேர் இறந்தார்கள். அந்த எல்லையில் ஏற்கெனவே ராத்திரி பூராவும் வெளிச்சம் உண்டு. ஆளைப் பிடிக்கிற வெளிச்சம். அதே ஊரில், அதே சாதி விளக்கை, ஆளைத் தேடிப் பேசுவதற்குத் திருப்பினார்கள். இது சின்ன வேலை இல்லை.

என் மூன்று கேள்விக்கும் இங்கே பதில் இருக்கிறது. சுவிட்ச் இரண்டு பக்கத்திலும் இருக்கிறது. ஒருத்தர் மட்டும் திருகினால் வழி திறக்காது. வெளிச்சம் யார் முகத்திலும் விழவில்லை, வானத்தில் விழுகிறது. கையை எடுத்தால் தொடர்பு அறுந்துவிடும். முகம் தெரியாமல் குரல் மட்டும் போவதன் அருமை எல்லையோரத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

இதைப் புரிந்துகொள்ள க்ஷிஷ்டோஃப் வோடிச்கோவின் வேலையைப் பக்கத்தில் வைக்கலாம். 2001-ல் எல்லையோர நகரமான திஹுவானாவில், ஏற்றுமதித் தொழிற்சாலைகளில் வேலை பார்த்த பெண்களின் தலையில் கேமராவும் ஒலிவாங்கியும் பொருத்தி, அவர்கள் பேசப் பேச அவர்கள் முகத்தைப் பண்பாட்டு மையத்தின் உருண்டைக் கட்டடத்தில் நேரலையாக விழவைத்தார். வேலையிடத்துக் கொடுமை, வீட்டுக் கொடுமை, போலீஸ் கொடுமை எல்லாவற்றையும் அவர்கள் ஊர் முன்னால் சொன்னார்கள். அரசுக் கட்டடம் ஒரு தொழிலாளிப் பெண்ணின் முகமாயிற்று. அந்தக் காட்சியின் பலத்தை லொசானோ-ஹெம்மரின் மினுக்கம் எட்டாது. ஆனால் ஒளி அணைந்த பிறகு அந்தப் பெண்கள் அதே தெருவில்தான் நடந்தாக வேண்டும். முகம் காட்டிச் சாட்சி சொல்வது எவ்வளவு விலை பிடிக்கும் காரியம் என்று நம் பெண்களைக் கேட்டால் சொல்வார்கள். முகமா, குரலா என்று கலைஞர் முடிவு செய்யக்கூடாது. பேசுகிறவர் முடிவு செய்ய வேண்டும். ஒளியை வடிவமைக்கிறவரின் முதல் அறம் அதில் இருக்கிறது.

பன்னிரண்டு ராத்திரி கழித்து எல் பாஸோவில் விளக்குகளைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். சுவர் இருந்தது. இதைச் சொல்லிக் கலையைக் கேலி செய்வது சுலபம், நான் செய்யவில்லை. கவிதை எழுதியும் சுவர் விழுவதில்லை, அதற்காகக் கவிதையை நிறுத்தச் சொல்கிறோமா? கலை முடிந்த பிறகு மிஞ்சுவது என்ன என்று மட்டும் கேட்கலாம். த்லாதெலோல்கோவில் குரல் வானொலியில் ஏறியது, ஊர் முழுக்கக் கேட்டது. எல்லையில் முன்பின் தெரியாத இரண்டு பேர் ஒருத்தர் குரலை ஒருத்தர் கேட்டார்கள். பல்ஸ் ரூமில் மிஞ்சுவது நம் கையிலிருந்த சூடு மட்டும்.

நம் பிள்ளைகள் இப்போது வடிவமைப்புப் படிக்கப் போகிறார்கள். புரொஜெக்டரும் எல்.இ.டி.யும் சென்சாரும் ஊர்த் திருவிழா வரைக்கும் வந்துவிட்டன. நாளைக்கு நமது நினைவிடங்களுக்கும் ஒளியமைப்பு செய்கிறோம் என்று யாராவது வருவார்கள். நல்ல மனசோடும் வருவார்கள். வரட்டும், வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை. தூசி நிறைந்த நம் தெருவில் ஒளி நன்றாகவே தெரியும். பட்ஜெட் பற்றியும் வண்ணம் பற்றியும் பேசுவதற்கு முன்னால், சுவிட்சை எந்த வீட்டில் வைப்பீர்கள், அணைக்க வேண்டும் என்று எங்கள் கிழவி சொன்னால் அணைப்பீர்களா என்று கேட்டுவிட்டு, பதிலை எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.